குதிகால் ஊசியால் கிட்னி போகாது

"ஸ்டீராய்டு ஊசியா டாக்டர்? அதைப் போட்டா கிட்னி போயிடுமாமே?"

குதிகால் வலிக்கு ஊசி போடலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பள்ளி ஆசிரியை, பேருந்து நடத்துநர், துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண் என்று எல்லோருக்கும் இதே பயம். அண்மையில் வந்த ஓர் அம்மா, இந்தப் பயத்தில் எட்டு மாதம் ஊசியைத் தள்ளிப்போட்டிருக்கிறார். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி குத்துவது போல வலி. இத்தனை மாதம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். "மெடிக்கல்ல வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்குவேன்" என்றார். தினமும் ஒன்று, வலி கூடினால் இரண்டு. அட்டையை வாங்கிப் பார்த்தேன். டைக்ளோஃபெனாக்.

கோபத்தை அடக்கிக்கொள்ளச் சிரமப்பட்டேன். சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயந்து ஊசியைத் தவிர்த்தவர், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மாத்திரையை எட்டு மாதம் விழுங்கியிருக்கிறார். அவருக்கு இந்த வதந்தியைச் சொன்னவர்கள் யாரும் அந்த மாத்திரையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்த விஷமில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் அட்ரீனல் என்ற சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அது தினமும் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டைச் சுரக்கிறது. அது இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. இந்தச் சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்ததற்காகத்தான் கெண்டால், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பு முறுக்கேற்ற ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு வேறு வகை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள்.

சிறுநீரில் புரதம் வெளியேறி, முகமும் காலும் வீங்கி வரும் குழந்தைகளுக்குச் சிறுநீரக மருத்துவர் முதலில் எழுதும் மருந்து எது? பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுதான். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம், ஆறு வாரம் விடாமல். அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், குறைத்த அளவில் இன்னும் ஆறு வாரம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களில் பலர், அந்தச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கிறார்கள். உங்கள் குதிகாலில் நான் போடுவது மெத்தில்பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம் அளவுக்கு, அதுவும் ஒரே ஒரு தடவை. அந்தக் குழந்தை ஏறத்தாழ ஒரே நாளில் எடுக்கும் அளவு இது. இதனால் உங்கள் கிட்னி போகாது.

டைக்ளோஃபெனாக் கதை வேறு. சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயை விரிவாக வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த வகை வலி மாத்திரைகள் தடுத்துவிடும். வயதானவர்களுக்கும், சர்க்கரை நோயாளிகளுக்கும், சில ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். இந்த மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாகச் செத்தன. கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்கை இந்திய அரசு 2006இல் தடை செய்தது அதனால்தான். கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு; நமக்கு ஒரு மாத்திரையில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் கிட்னிக்குப் பயப்படுகிறவர் பயப்பட வேண்டியது மாதக்கணக்கில் தானாகவே வாங்கிப் போடும் இந்த மாத்திரைக்கு.

அதற்காக ஊசியில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்மையான குறைகளை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம். சர்க்கரை நோயாளிக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். ஆகவே முன்பே கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும், பின்பு ஒரு வாரமாவது அடிக்கடி பார்க்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை தேயும். அபூர்வமாகப் பாதத்தின் அடித்தசைநாரே அறுந்துவிடும். "போன தடவை நல்லா கேட்டுச்சு, இன்னொண்ணு போடுங்க" என்று மாதாமாதம் வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவது இதற்காகத்தான்.

ஊசியைப் பற்றி இன்னும் சில தவறான நம்பிக்கைகளும் உண்டு. "குதிகாலில் முள் வளர்ந்திருக்கு, ஊசி அதைக் கரைச்சிடும்." கரைக்காது. வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அந்த முள் தெரியும்.

"வெறும் வயிற்றில் வரணும்." வேண்டாம். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பசியோடு வந்து, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் சொன்னால் போதும். காய்ச்சலோ, காலில் புண்ணோ, சீழ் பிடித்த பித்தவெடிப்போ இருந்தால் மறைக்காதீர்கள். அது ஆறிய பிறகுதான் ஊசி.

"போட்ட அன்றே வலி போச்சு, சரியாயிட்டேன்." அது ஊசியோடு சேர்த்துப் போடும், மரத்துப்போகச் செய்யும் மருந்தின் வேலை. சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். ஓரிரு நாள் வலி முன்பைவிடக் கூடவும் செய்யலாம். துணியில் சுற்றிய ஐஸால் ஒத்தடம் கொடுங்கள், தேவைப்பட்டால் பாரசிட்டமால். ஊசி வேலை செய்ய ஒரு வாரம்கூட ஆகும். அன்றைக்கு நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு நாள் அதிகம் நிற்காதீர்கள். ஓட்டமும் குதிப்பும் இரண்டு வாரம் கழித்து. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போய், காய்ச்சலும் சிவப்பும் வீக்கமும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும்.

செங்கல்லைச் சுடவைத்து எருக்கிலை போட்டு மிதிக்கும் வைத்தியத்தை ஊசி போட்ட காலில் செய்யவே கூடாது. மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த காலுக்கு எந்த நாளிலும் தெரியாது. வெந்து கொப்புளித்த பாதங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஊசி கொடுப்பது நிரந்தரத் தீர்வு இல்லை, கொஞ்ச காலம் வலியில்லாத அவகாசம். 2012இல் பிஎம்ஜே இதழில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், 82 பேரில் ஊசி போட்டவர்களுக்கு நான்காவது வாரத்தில் வலி நன்றாகக் குறைந்திருந்தது. எட்டாவது வாரத்தில் போலி ஊசி போட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. அந்த அவகாசத்தில் பயிற்சி செய்தால்தான் பலன் நிலைக்கும். காலையில் முதல் அடி வைப்பதற்கு முன், வலிக்கும் காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களை முழங்கால் பக்கம் இழுத்துப் பத்து எண்ணுங்கள். இப்படிப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வீட்டிலும் மெத்தென்ற செருப்பில் நடங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு வேண்டாம்.

மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமல், "ஒரு வேளைக்கு ஒரு செட்" என்று காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அதைப் பற்றிப் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். நோயாளிகள் கொண்டுவந்து காட்டிய பொட்டலங்களில் வலி மாத்திரையோடு டெக்ஸாமெத்தசோனும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஸ்டீராய்டுதான். அளவு தெரியாது, எத்தனை நாள் என்று கேட்பார் இல்லை. ஸ்டீராய்டு ஊசியே வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறவர்கள், தெரியாமல் அதைத் தினமும் தின்றுகொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை வலி மாத்திரை கேட்டுக் கடையில் நிற்கும்போது, பெயரில்லாத பொட்டலம் எதையும் கையில் வாங்காதீர்கள். வாங்கி வைத்திருப்பதை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.