இரண்டரைக் கட்டை வாக்மேன்

1989-ஆம் வருஷம், சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்த பர்மா பஜாரின் ஒரு சிறு கடையில் 160 ரூபாய் கொடுத்து நான் வாங்கிவந்த வாக்மேனில், நாடாவைப் பின்னோக்கிச் சுற்றும் பொத்தானே கிடையாது என்கிற விஷயம், மாம்பலத்து வீட்டுக்கு வந்து, அக்காவின் முன்னிலையில் பெருமிதத்தோடு அதை உறையிலிருந்து எடுத்து வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பாட ஒன்று, நிறுத்த ஒன்று, முன்னே ஓட்ட ஒன்று என மூன்றே பொத்தான்கள்; பின்னே போக வேண்டுமானால் காசெட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்டு, முன்னே ஓட்டி, மறுபடியும் திருப்பிப் போட வேண்டும். கடையில் நின்ற அரைமணி நேரமும் நான் பார்த்ததெல்லாம் மூடியின்மேல் பளபளத்த வெள்ளி எழுத்துக்களைத்தான். அவற்றிலும், பிரசித்தமான அந்த ஜப்பானியப் பெயரைவிட ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததை அக்காதான் கண்டுபிடித்தாள்.

அந்தப் பெயரின் மகிமை அப்படி. சோனி நிறுவனம் 1979 ஜூலை முதல் தேதி ஜப்பானில் 33,000 யென் விலைக்கு முதல் வாக்மேனைக் கொண்டுவந்தபோது, பதிவு செய்யும் வசதியே இல்லாத ஒரு டேப் கருவியை யார் வாங்கப்போகிறார்கள் என்று சந்தேகித்தவர்கள் உண்டு. பத்து வருஷத்துக்குள்ளாகவே, யார் செய்ததாயினும் சரி, இடுப்பில் மாட்டிக் காதில் கேட்கிற யந்திரம் அத்தனைக்கும் வாக்மேன் என்பதே நாமதேயமாகிவிட்டது. 2002-இல் ஆஸ்திரிய உச்ச நீதிமன்றம் அது பொதுச்சொல்தான் என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1977-இலேயே இத்தகைய கருவிக்குக் காப்புரிமை கோரியிருந்த ஆந்திரியாஸ் பாவெல் என்பவர், அந்நிறுவனத்தோடு நெடுங்காலம் வழக்காடிக் கடைசியில் சமரசம் செய்துகொண்டார். ஆகவே அசல், போலி என்கிற விவகாரத்தில் தார்மிகக் கோபம் கொள்ள எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. என் கவலை முற்றிலும் லௌகிகமானது: கொடுத்த காசுக்குப் பாட்டு கேட்குமா?

கேட்டது, சுருதி மாறிக் கேட்டது. அக்கா அப்போது சங்கீதம் பயின்றுகொண்டிருந்தாள். டீச்சர் பாடிக் கொடுத்த ஒரு வர்ணத்தையும், அதையே அக்கா திருப்பிப் பாடியதையும், வீட்டிலிருந்த பெரிய டேப் ரிகார்டரில் பதிவு செய்த காசெட்டை அந்த வாக்மேனில் போட்டு, இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, சுருதிப் பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தவள், "டேய், நாங்க பாடினது ரெண்டு கட்டைடா. இது ரெண்டரைக்கு ஏத்திப் பாடுது!" என்றாள். காசெட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடவேண்டும் என்பது விதி. அந்த வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். மேலே ஒட்டும் எழுத்துக்களைப் பார்த்துச் செய்துவிடலாம். உள்ளே ஓடும் வேகத்தை ஒவ்வொரு கருவியிலும் அளந்து சரிசெய்ய ஓர் ஆளும் சிறிது பொழுதும் வேண்டும், மலிவு விலையில் முதலில் கழிபட்டுப் போவது அதுதான். செல் தளர்ந்த பிற்பாடோ இந்த அரைக் கட்டையும் இறங்கி, அதற்குக் கீழும் இறங்கி, பாடகியெல்லாம் பாடகராகிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு யாருக்காவது டேப் கருவி வாங்கித் தர நேர்ந்தபோதெல்லாம், கடைக்காரர் போட்டுக் காட்டுகிற டப்பாங்குத்துப் பாட்டை மரியாதையாக நிறுத்தச் சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன நாதஸ்வரக் காசெட்டைப் போட்டுக் கேட்பதை ஒரு நியமமாகவே வைத்துக்கொண்டேன். தாளவாத்தியங்களின் இரைச்சலில் மறைந்துபோகிற நடுக்கம், ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில் ஒரு நீண்ட கார்வை நிற்கும்போது ஒளிய இடமில்லாமல் வெளிப்பட்டுவிடும். பாடிக்கொண்டிருக்கையிலேயே கருவியை நாலு தடவை ஆட்டிப் பார்ப்பதும், நாடா முடிந்ததும் பொத்தான் தானாக எழும்புகிறதா என்று காத்திருந்து பார்ப்பதும் அவசியம்; எழும்பாத கருவியில் நாம் தூங்கிப்போனால், மோட்டார் விடியவிடியத் திணறி, செல்லையும் தின்று பெல்ட்டையும் இளக்கிவிடும். முகப்பில் வரிசையாக அமைந்த ஈக்வலைசர் நெம்புகோல்களைக் கண்டு மயங்க வேண்டாம். என்னிடம் வந்த ஒன்றில் ஐந்து இருந்தன, அவற்றில் மூன்றை எப்படி நகர்த்தினாலும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் காலம் போய் ஐபாடின் காலம் வந்தது. 2001 அக்டோபரில் 5 ஜிபி கொள்ளளவும் 399 டாலர் விலையுமாக ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட அந்தச் சாதனத்தை நான் படத்தில்தான் பார்த்தேன். 2005 செப்டம்பரில் பென்சில் பருமனில் நானோ வந்து, 2 ஜிபி 199 டாலர் என்று ஆனபோதும் அது என் சம்பளத்துக்கு அப்பாற்பட்ட வஸ்துவாகவே இருந்தது. ஆனால் அதன் ஸ்வரூபம் மட்டும் வெகு சீக்கிரத்தில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2007-இல் ஒரு கடையில், வெள்ளை வெளேரென்று கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்தவற்றைக் காட்டி, "இது ஐபாடா?" என்று கேட்டேன்.

"ஐபாட்னு நான் சொன்னேனா சார்? இது எம்பி4. பார்க்க அதே மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ஆனா இதுல எஃப்எம் இருக்கு, வாய்ஸ் ரெக்கார்டிங் இருக்கு. அவன்கிட்ட எஃப்எம் கிடையாது."

"கியாரண்டி?"

"இங்கேயே செக் பண்ணி எடுத்துக்கங்க சார். கடையைத் தாண்டினா நான் பொறுப்பில்லை."

அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை நான் இன்றும் ஒப்புக்கொள்கிறேன். ஐபாட் நானோவில் எஃப்எம் ரேடியோ வந்தது 2009-இல்தான். பொய்யைச் சொன்னது கருவி. 1,400 ரூபாய்க்கு வாங்கிய அதன் உறையில் 4 ஜிபி என்று அச்சிட்டிருந்தது. கம்ப்யூட்டரில் செருகினால் கம்ப்யூட்டரும் 4 ஜிபி என்றே சாட்சி சொல்லிற்று. சாதாரணத் தரத்து எம்பி3 பாட்டு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி பிடிக்கும் என்ற கணக்கில், அறுபது மணி நேரத்துக்கும் மேலே கேட்கலாம் என்று சந்தோஷப்பட்டு, என்னிடம் இருந்த சங்கீதமத்தனையும், அக்காவின் பழைய காசெட்டுகளிலிருந்து நான் ஒரு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்த பாடங்கள் உட்பட, அதற்குள் ஏற்றினேன். ஏற்றினேன் என்றா சொன்னேன்? கம்ப்யூட்டரில் இடமில்லாத காரணத்தால், நகலெடுப்பதற்குப் பதிலாக வெட்டி எடுத்து ஒட்டினேன்.

முதல் எட்டு மணி நேரத்துப் பாட்டுகள் குறைவின்றிப் பாடின. அதற்குப்பின் திரையில் பெயர் வரும், பாட்டு வராது. உள்ளே இருந்தது 512 எம்பி நினைவகம். 4 ஜிபி என்று பதில் சொல்லும்படி மட்டும் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெயர்ப்பட்டியல் நினைவகத்தின் ஆரம்பப் பகுதியில் எழுதப்படுவதால் பத்திரமாக இருந்தது. இல்லாத இடத்தில் எழுதப்பட்ட சங்கீதமோ ஆகாயத்தில் எழுதியது போலாயிற்று. கல்யாணப் பத்திரிகை மாத்திரம் வந்து கல்யாணம் நடக்காத கதை. ஆகவே இத்தகைய சாதனங்களையோ பென் டிரைவையோ வாங்குகிறவர்கள், கம்ப்யூட்டர் காட்டும் எண்ணை நம்பாமல், வேறிடத்தில் பிரதியுள்ள கோப்புகளால் அதை முழுக்க நிரப்பி, பின்பு அவற்றை அதிலிருந்தே திரும்ப ஒரு தடவை நகலெடுத்து, கடைசிப் பாட்டு ஒலிக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முதல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியதே நான் செய்த பிழை.

அதன் வட்டச் சக்கரம் வெறும் அச்சுப்படம், அடியில் நாலு சாதாரணப் பொத்தான்கள். வீடியோ ஓடத்தான் ஓடிற்று, ஏஎம்வி என்கிற அதற்கே உரிய வடிவத்துக்கு மாற்றித் தபால்தலை அளவில் பார்க்கும் பொறுமை இருந்தால். கூட வந்த இயர்போனில் நாதஸ்வரம் பீப்பீயாகிவிட்டது. நல்ல இயர்போன் ஒன்றை மாட்டியதும் பாதிக் குறை தீர்ந்தது. மலிவுக் கருவி வாங்கினால் மீதமாகும் காசில் முதல் செலவு அதற்கே என்பது என் அபிப்பிராயம். பாட்டுகள் ஏன் தாறுமாறாக வருகின்றன என்று பலர் தலையைச் சொறிவதைப் பார்த்திருக்கிறேன். இவற்றில் அநேகம், பெயர் வரிசையில் அல்ல, நாம் நகலெடுத்த வரிசையில் பாடுபவை. கச்சேரியை வர்ணம் முதல் மங்களம் வரை ஒவ்வொன்றாக ஏற்றினால் ஒழுங்காக வரும். பேட்டரி உப்பி மூடி பிளக்கத் தொடங்கினால் மட்டும், மறுபேச்சில்லாமல் சார்ஜ் செய்வதை நிறுத்திவிட வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு நான் மறுபடி வாங்கியதும் மலிவுக் கருவிதான் என்றால் நகைக்கிறார்கள். ஆனால் இம்முறை, யாருடைய முகத்தையும் இரவல் வாங்காத, கேள்விப்படாத சொந்தப் பெயரும் அழகில்லாத சொந்த உடம்பும் உள்ள ஒன்றை, சாதாரண பென்சில் செல்லில் ஓடுவதாகப் பார்த்து, 1 ஜிபி என்றதை அங்கேயே நிரப்பிச் சரிபார்த்து வாங்கினேன். மருமகனிடம் அசல் ஐபாட் இருந்தது. சப்தம் உயர்வு என்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் அவன் அதில் ஒரு பாட்டைப் போட ஐட்யூன்ஸைத் திறந்து காத்திருந்த நேரத்தில் நான் பத்துப் பாட்டை இழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோவேன்.

அக்காவின் பாடங்கள்தாம் போய்விட்டன. காசெட்டுகள் இருந்தன, நல்லவேளையாக. பெரிய டேப் ரிகார்டரை மட்டும் வேலை முடிந்ததென்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டிருந்தேன். பரணைத் துழாவியதில் அகப்பட்டது அந்த மூன்று பொத்தான் வாக்மேன். பெல்ட் தாராக உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. மேற்கு மாம்பலத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர், புது பெல்ட் மாட்டி, ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் கொடுத்தபோது, மோட்டாரின் பின்புறத்துத் துளையைக் காட்டி, "இதுக்குள்ளே ஒரு சின்ன திருகு இருக்கு சார். கால் சுற்று திருப்பினா வேகம் குறைஞ்சு சரியாயிடும்" என்றார். பதினெட்டு வருஷம் எனக்குத் தெரியாமல் இருந்த திருகு!

வீட்டில் காசெட்டைப் போட்டு, சிறிய திருப்புளியை வைத்துக்கொண்டு, அக்காவைச் சுருதிப் பெட்டியோடு உட்கார வைத்தேன். இருபது வயதுக் குரல், அரைக் கட்டை ஏறி, வர்ணத்தின் சரணத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் துளையைத் தேடுவதைப் பார்த்துவிட்டு அவள் கையமர்த்தினாள்.

"இப்ப என்னால ஒரு கட்டையிலகூட நிக்க முடியலைடா. அது ரெண்டரையிலேயே பாடிட்டுப் போகட்டும், விடு" என்றாள்.