ஜெபமாலையும் இருபது வயதும்

கேள்வி: ஐயா, காரைக்காலில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன் நான், திருச்சியில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிறு வயதில் தேற்றரவு அன்னை ஆலயத்தில் பூசைக்கு உதவும் பீடச் சிறுவனாக இருந்தேன். இப்போது விடுமுறையில் அம்மா ஜெபமாலைக்கு அழைத்தால் வாய் மட்டும் அசைகிறது. விடுதியில் இரவு நெடுநேரம் பேசும்போது எழும் வினாக்களுக்கு ஞானோபதேச வகுப்பில் கற்ற விடைகள் போதவில்லை. நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா? அம்மாவிடம் சொல்லிவிடலாமா?

— மாணவன், காரைக்கால்

பதில்: தம்பி, தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு வழி தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை, விரலை விட்ட பிற்பாடுதான், தனக்கு வழி தெரியுமா என்னும் சந்தேகம் அவனுக்கு உண்டாகிறது. அந்தச் சந்தேகத்தையே விசுவாச நஷ்டம் என்று எண்ணி நீர் கலங்குகிறீர். இதுகாறும் உம்மிடமிருந்தது பெரும்பாலும் உம் வீட்டாருடைய பக்தி. உமக்கே உரியதை நீர் இனித்தான் தேடியடைய வேண்டும்.

மாறுதலைக் கண்டு மருளவேண்டாம். திருச்சியில் நீர் நாள்தோறும் காணும் தூய வளனார் கல்லூரி, 1844-இல் தோன்றியது உம் ஊருக்குத் தெற்கே நாகப்பட்டினத்தில். 1883-இல்தான் அது காவிரிக்கரைக்குப் பெயர்ந்தது. பூசையும் அப்படியே. உம் பாட்டியார் தலைமுறையினர் இளமையில் கேட்டது லத்தீன் பூசை; 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தின் பயனாகவே நம் தமிழ் பீடத்தில் ஒலிக்கலாயிற்று. பழகிய ஓசை நின்றபோது அவர்கள் மனம் என்ன பாடுபட்டது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாரும். விசுவாசத்தில் மாறுதலைச் சந்தித்தவர் அக்குடும்பத்தில் நீர் ஒருவர் மட்டுமல்லர் என்பது விளங்கும்.

காலதாமதத்திற்கும் அஞ்சவேண்டியதில்லை. 354-இல் பிறந்த புனித அகுஸ்தினார், உம் வயதில் மானிகேய மதத்தாரோடு சேர்ந்து ஏறக்குறைய ஒன்பதாண்டுகள் கழித்து, தாயார் மோனிக்கம்மாள் கண்ணீர் வடித்துக் காத்திருந்த பின்னர், 387-இல்தான் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். நம் நாட்டில், வைணவராகிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1853-இல் சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தவர். சுற்றிலும் கிறிஸ்தவர்களே நிறைந்திருந்தும் ஐந்தாண்டுகள் எண்ணிப் பார்த்த பின்னரே, 1858-இல், அவர் மனம் துணிந்தது. அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நூலாக வெளிவந்ததோ 1894-இல். முப்பதை எட்டிய பண்டிதருக்கே ஐந்தாண்டுகள் தேவைப்பட்டனவென்றால், இருபது வயதினர் ஒரு விடுமுறைக்குள் தீர்ப்புக் கூற முற்படுவது நியாயமாகுமா?

அம்மாவிடம் நடிக்கவேண்டாம், அவசரப்பட்டு அறிக்கை விடவும் வேண்டாம். முடிவு காணாத வினாவை முடிவென்று சொல்வதும் ஒருவகைப் பொய்யே. மாலையில் அவர் அருகில் அமரும். ஐம்பத்துமூன்று மணியிலும் மனம் ஒன்றாவிடினும், ஒரு மணியை உண்மையாகச் சொல்ல இயலுமாயின் அதைச் சொல்லும். அதுவும் இயலாத நாளில் அவர் குரலைக் கேட்டுக்கொண்டு மௌனமாயிரும். வினாக்களைக் காகிதத்தில் எழுதி, தர்க்கத்துக்கு அஞ்சாத ஒரு குருவானவரிடமோ ஆசிரியரிடமோ கொண்டுபோம். உம் ஊர்க் கோயிலில் அன்னைக்கு வழங்கும் திருநாமத்தையும் நினைத்துக்கொள்ளும்; கலக்கமே அறியாதவர்க்குத் தேற்றரவு எதற்கு?

கேள்வி: மாங்கனித் திருவிழாவன்று கல்லூரித் தோழியின் வீட்டு மாடியில் நின்று நானும் மாம்பழம் வீசினேன். கிறிஸ்தவப் பெண் செய்யத்தக்கதா என்று அத்தை கடிந்துகொண்டார். தவறா ஐயா?

— மாணவி, காரைக்கால்

பதில்: அம்மா, ஆனி மாதத்தில் பிட்சாண்டவர் வீதியுலா வருகையில், காரைக்கால் அம்மையாரை நினைந்து வேண்டுதலோடு மாங்கனி வீசுகிறவர்க்கு அது வழிபாடு, உமக்கோ அது தோழமை. இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை நீர் உணர்ந்திருந்து, அவர்களுடைய வழிபாட்டை விளையாட்டாகக் கருதாதிருந்தால் பிழையில்லை. பிற சமயங்களில் மெய்யாகவும் தூயதாகவும் உள்ள எதனையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965 அக்டோபர் 28 அன்று பொதுச்சங்கமே அறிவித்திருக்கிறது. ஆயினும் அத்தையின் அச்சம் அன்பினால் விளைந்தது. அவரை எதிர்த்துப் பொதுச்சங்கத்தை எடுத்துரைக்கவேண்டாம். கடைத்தெருவில் வாங்கிய நல்ல மாம்பழம் இரண்டைக் கொண்டுபோய் முதலில் கொடும். வாதம் பிறகு ஆகட்டும்.