இளங்காளையைப் பல் பிடித்துப் பார்ப்போம்: ஓவியம் பார்க்க ஒரு பாடம்



"ஒழுங்கா படிக்கலேன்னா ஆடு மேய்க்கத்தான் போவே." இந்த வசனத்தைக் கேட்காமல் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார். ஆடு மாடு பார்க்கப் பெரிய அறிவு ஒன்றும் வேண்டாம் என்ற எண்ணம்தான் அதற்குள் ஒளிஞ்சிருக்கு. அதனாலேயே அய்யலூர், வடமதுரைப் பக்கம் இருந்து வரும் சில நண்பர்கள், வீட்டில் பட்டி இருக்கிறதை ஹாஸ்டலில் சொல்லவே கூச்சப்படுறாங்க.

இந்த மாதப் பாடம் ஓவியம் பார்ப்பது எப்படி. எடுத்துக்கொண்ட படம் 'இளங்காளை'. வரைந்தவர் பவுலுஸ் பாட்டர் என்ற டச்சுக்காரர். ஆண்டு 1647. அப்போ அவருக்கு 21, 22 வயசு, அதாவது நம்ம ஃபைனல் இயர் வயசு. நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்து மவுரிட்ஸ்ஹைஸ் அருங்காட்சியகத்தில் இருக்கு. போனில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடர்ந்து படிங்க.

முதல் படி: அளவைப் பாருங்க

போன் திரையில் எல்லாப் படமும் ஒரே சைஸ்தான். நிஜத்தில் இது சுமார் 2.4 மீட்டர் உயரம், 3.4 மீட்டர் அகலம். நம் வகுப்பறைக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்க. காளை ஏறக்குறைய உயிருள்ள காளையின் அளவிலேயே நிற்கும். அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய துணியைப் பெரும்பாலும் அரசர்களுக்கும் போர்க்களங்களுக்கும் புராணக் கதைகளுக்கும்தான் ஒதுக்குவாங்க. பாட்டர் அதை ஒரு காளைக்குக் கொடுத்தார்.

அதுவும் ஒரே மூச்சில் இல்லை. முதலில் காளையை மட்டும்தான் வரைய நினைத்திருக்கார். பிறகு பக்கவாட்டிலும் மேலேயும் துணியை ஒட்டுப் போட்டுப் பெரிசாக்கி, படுத்திருக்கும் பசு, செம்மறிக் கிடா, பெட்டை, குட்டி, மரத்துக்குப் பின்னால் நிற்கும் ஆள் எல்லாரையும் சேர்த்தார்.

இரண்டாம் படி: கண் எந்த உயரத்தில் இருக்கு?

அடிவானம் எங்கே இருக்குன்னு தேடுங்க. ரொம்பத் தாழ்வா இருக்கும். ரைஸ்வைக் ஊர் தேவாலயத்தின் கோபுரம்கூடத் தூரத்தில் துளியூண்டுதான் தெரியும். தரையில் குந்தி உட்கார்ந்து பார்ப்பவரின் பார்வை இது. அதனால்தான் காளை வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி தோணுது. வேணும்னா சோதிச்சுப் பாருங்க: நின்றபடி ஓர் ஆட்டைப் போட்டோ எடுங்க, பிறகு குந்தி உட்கார்ந்து எடுங்க. ஆடு அதேதான். இரண்டாவது படத்தில் அதற்கு ஒரு கம்பீரம் வந்திருக்கும்.

மூன்றாம் படி: சந்தைக் கண்ணால் பாருங்க

வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது தெரியும். வாங்க வந்தவர் முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார். ஆட்டுக்குக் கீழ்த்தாடையில் முன்பல் எட்டு. பால்பல் விழுந்து ஜோடி ஜோடியாகத்தான் புதுப்பல் முளைக்கும். ரெண்டு பல், நாலு பல் என்று எண்ணினால் வயசு வந்துடும். பிறகு முதுகில் கை வைத்து அழுத்தி, சதைப்பிடிப்பு பார்ப்பார். நடக்க விட்டுக் காலைப் பார்ப்பார். விலை பேச்சு அப்புறம்தான்.

அதே கண்ணை இந்தக் காளை மேல் வையுங்க. முதல் கேள்வி: திமில் எங்கே? இருக்காது. ஐரோப்பிய மாட்டினத்துக்குத் திமில் கிடையாது. அடுத்து கொம்பு, தோள், அலைதாடி, பின்பக்கம் என ஒவ்வொன்றாகப் பாருங்க. எல்லாம் ஒரே வயசு மாட்டுடையதா? இல்லை. வேறவேற வயசு மாடுகளைப் பார்த்து வரைந்ததையெல்லாம் சேர்த்துத்தான் பாட்டர் இந்த ஒரு காளையை உண்டாக்கினார் என்று மாடுகளை அறிந்தவர்கள் சொல்லியிருக்காங்க. அப்படியே தத்ரூபம் என்று பேர் வாங்கிய படத்தில் இருப்பது, எந்தத் தொழுவத்திலும் இல்லாத ஒரு காளை!

இதைக் கண்டுபிடிக்க ஓவியப் பட்டம் போதாது, மாடு தெரியணும். உங்க தாத்தாவிடமோ அம்மாவிடமோ படத்தைக் காட்டினால், நாம கவனிக்காத இன்னும் நாலு விஷயம் சொல்லுவாங்க. அப்போ படம் தப்பா? மெக்கானிக்கல் நண்பர்களே, அசெம்ப்ளி டிராயிங்கை நினைத்துக்கொள்ளுங்க. பாகங்களைத் தனித்தனியாகப் பார்த்து வரைந்து கடைசியில் சேர்க்கிறோம். பாட்டரும் அதைத்தான் செய்தார். ஒவ்வொரு பாகத்தையும் நேரில் பார்த்திருக்கார் என்பதுதான் முக்கியம்.

நான்காம் படி: சின்னதைத் தேடுங்க

பெரிதாக்கிப் பாருங்க. மாடுகள் மேல் ஈ மொய்க்குது. பசுவின் முகத்தில் முடி தனித்தனியாத் தெரியுது. தரையில் சாணி கிடக்குது. மேலே வானத்தில் ஒரு வானம்பாடி. மேய்ச்சல் நிலத்தை அழகுக்காக மட்டும் வரைகிறவர் சாணியை விட்டுடுவார், ஈயைத் துரத்திடுவார். பாட்டர் விடவில்லை. பட்டியில் நின்ற ஆளுக்குத்தான் அது தெரியும்.

ஐந்தாம் படி: புல் எப்படி வந்தது?

நம்ம பக்கம் மானாவாரிக் காடு. மழை பெய்தால் புல், இல்லேன்னா வேலி ஓரத்து இலை தழை. படத்தில் தெரியும் பச்சைப் புல்வெளியின் கதை நேர் எதிர். நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் பெரும்பாலும் தாழ்ந்த ஈர நிலம். அந்தக் காலத்தில் கரை கட்டி, கால்வாய் வெட்டி, காற்றாலை வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்தால்தான் அங்கே மாடு கட்ட முடிந்தது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் என்ற ஏரியையே இப்படிக் காற்றாலைகளால் வற்ற வைத்து 1612ல் நிலமாக்கினாங்க. அதற்குப் பணம் போட்ட வணிகர்களில் ஒருவர் டிர்க் வான் ஓஸ். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். அந்தக் கம்பெனிதான் நம் பழவேற்காட்டில் 1613ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரைத் துணியை வாங்கிக் கப்பலேற்றியது.

ஆக, இந்த அமைதியான புல்வெளிக்குப் பின்னால் சிவில் வேலை இருக்கு, முதலீடு இருக்கு, கடல் வியாபாரம் இருக்கு. கால்வாய் வெட்டின கூலிக்காரரைப் படத்தில் காணோம். மாடு மேய்ப்பவரும் மரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறார். ஒரு படத்தில் யார் முன்னால், யார் பின்னால், யார் இல்லவே இல்லை என்று கேட்பதும் ரசனையில் சேர்த்திதான்.

படத்தின் பிற்காலக் கதையையும் சொல்லிடறேன். 1795ல் பிரெஞ்சுப் படை இதைக் கொள்ளையடித்துப் பாரிசுக்குக் கொண்டுபோய் லூவரில் மாட்டியது. 1815ல்தான் ஊர் திரும்பியது. பாட்டர் இது எதையும் பார்க்கவில்லை. காசநோயால் 1654ல், 28 வயசிலேயே போய்விட்டார்.

இந்த வாரப் பயிற்சி

வியாழக்கிழமை விடியற்காலையில் சந்தைக்குப் போங்க. ஒரே ஓர் ஆட்டைத் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிஷம் பாருங்க, போன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பிறகு அதை வைத்திருப்பவரிடம், "அண்ணே, இதுல என்ன பார்த்து வாங்குவீங்க?" என்று கேளுங்க. அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொண்டு வாங்க. வந்ததும் 'இளங்காளை'யை மறுபடி திறந்து, அந்தச் சொற்களை வைத்தே படத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி இதழுக்கு அனுப்புங்க. படம் வரையத் தெரிந்தவர்கள் ஆட்டையும் வரைந்து அனுப்பலாம். ஈயையும் புழுக்கையையும் மறக்காமல் சேருங்க.