காத்தாடிக்கு நிலம் கேட்கிறார்கள்

ஆரப்பாளையம்,
மதுரை.

அன்பு மாப்பிள்ளைக்கு,

ஆண்டிபட்டிப் பக்கம் தாத்தாவின் மானாவாரிப் புஞ்சையைக் காற்றாலைக்குக் கேட்டு புரோக்கர் வந்தார், கொடுக்கலாமா என்று எழுதியிருந்தாய். தாராளமாகக் கொடுக்கலாம். என்ன எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறி, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாய் இறங்கினால் காத்தாடிகள் தெரியும். கம்பம் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்றை நம்பி நிற்பவை அவை. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் சோதனையாகத் தொடங்கிய காற்று மின்சாரம், இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கரி எரிக்காத மின்சாரம். நமக்கு அது கட்டாயம் வேண்டும்.

சூரிய மின்சாரத்தோடு ஒப்பிட்டுப் பார். கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கர். தகடு பரப்பிய இடத்தில் ஏர் ஓட்ட முடியாது. காத்தாடி அப்படியில்லை. தூணைச் சுற்றிச் சோளம் விதைக்கலாம், ஆடு மேய்க்கலாம், கிடை போடலாம். அதனால்தான் கிரயம் வேண்டாம், குத்தகையாகக் கேள் என்கிறேன். நிலம் நம் பெயரில் இருக்கும்வரை அதன்மேல் நமக்குப் பேச்சு உண்டு.

கெடுதல் பெரும்பாலும் பாதையால் வருகிறது. இறக்கையும் கிரேனும் வர அகலமாகக் கிராவல் ரோடு போடுவார்கள். அது ஓடையை மறித்தால் கண்மாய்க்குத் தண்ணீர் போகாது. குழாய் பதித்துவிட்டோம் என்று சொன்னால் குனிந்து பார். குழாயின் வாய் ஓடைத் தரையைவிட ஒரு முழம் உயரத்தில் இருந்தால், சிறுமழைத் தண்ணீர் ரோட்டுக்கு இந்தப் பக்கமே தேங்கிவிடும். கீழே இருக்கிற சம்சாரி அந்த வருஷம் விதைக்க முடியாது. ஓடையும் வரத்துக்காலும் எங்கே ஓடுகின்றன என்பதை வரைபடத்தில் குறித்து, அதையும் ஒப்பந்தத்தோடு சேர்க்கச் சொல். மயில் அதிகமுள்ள இடம் அது. அவை அடிபடாமல் இருக்க, மின்கம்பியைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகக் கேள். குத்தகைக் காலம் முடிந்ததும் தூணைக் கழற்றி மண்ணைச் சரிசெய்வது யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

நிலத்துக்காரரைக் கேட்டு, எழுதிக்கொண்டு செய்தால் பலன் உண்டு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் மேற்கே எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் பெருகிய புதர்வெளியில் சேஜ் குரூஸ் என்ற பறவை அருகி வந்தது. அங்குள்ள வேளாண் துறை 2010 முதல் பண்ணைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டு, பணமும் கொடுத்து, அவரவர் நிலத்திலேயே அதன் இடத்தைக் காத்தது. அழியும் உயிரினப் பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று 2015-இல் அரசு முடிவுசெய்ததில் அந்தப் பண்ணைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் அரிட்டாபட்டியே சாட்சி. 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அதையும் சேர்த்து 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் மதுரை வரை நடந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

பக்கத்துப் புஞ்சைக்காரர்களையும் கூட்டிப் பேசு. தனியாளாகக் கேட்டால் ஓடையைக் காப்பாற்ற முடியாது. பத்திரத்தை முழுதும் படித்துக் காட்டாமல் தாத்தாவைக் கையெழுத்துப் போட விடாதே.

அன்புடன்,
மாமா