பாடம் 9: பெரிதாக வளர்ந்த ஒரு வாக்கியம்



வின்டர்தூர் பழைய நகரத்தில் இரண்டு கோபுரங்களோடு நிற்கும் தேவாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். அது சீர்திருத்தத் திருச்சபையினருடையது. ரயில் நிலையத்துக்கு மற்றப் பக்கம் கத்தோலிக்கரின் பேதுரு பவுல் தேவாலயம் இருக்கிறது. 2005இல் கட்டிய மினாரா உள்ள பள்ளிவாசலும் இந்த நகரத்தில் உண்டு. தமிழ்ச் சைவர்களும் சுவிற்சர்லாந்தின் பல ஊர்களில் கோயில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

"இது எப்பவும் இப்பிடித்தானே இருந்தது?" என்று கேட்பீர்கள். இல்லை, பிள்ளைகளே!

முதல் வாக்கியம்

1847 நவம்பரில் இந்த நாட்டில் ஒரு சிறிய உள்நாட்டுப் போர் நடந்தது. ஏழு கத்தோலிக்க மாநிலங்கள் ஒரு பக்கம் நின்றன. போர் ஒரு மாதத்துக்குள் முடிந்தது. அடுத்த ஆண்டு, 1848இல், நாட்டுக்குப் புதிய அரசியலமைப்பு எழுதினார்கள். அதன் 44ஆவது உறுப்புரை வழிபாட்டுச் சுதந்திரத்தைக் கொடுத்தது. ஆனால் யாருக்கு? அங்கீகரிக்கப்பட்ட கிறிஸ்தவ சபைகளுக்கு மட்டும்!

ஏன் அப்படி எழுதினார்கள்? கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் திரும்பவும் சண்டை பிடிக்கக் கூடாது என்பதுதான் அன்றைய பெரிய கவலை. அந்த நாளில் 'சமய சுதந்திரம்' என்ற சொல்லின் பொருள் அவ்வளவுதான்.

வெளியே நின்றவர்கள்

அப்போது இங்கே யூதர்களும் வாழ்ந்தார்கள். நீண்ட காலமாக ஆர்காவ் பகுதியில் எண்டிங்கன், லெங்னாவ் என்ற இரண்டு கிராமங்களில் மட்டுமே அவர்கள் நிரந்தரமாகக் குடியிருக்க முடிந்தது. அங்கே சில வீடுகளுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாசல்கள் இருக்கும். ஒன்று யூதருக்கு, மற்றது கிறிஸ்தவருக்கு. அந்த வீடுகளை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

விரும்பிய ஊரில் குடியேறும் உரிமையையும் 1848இன் சட்டம் கிறிஸ்தவருக்கு மட்டுமே உறுதி செய்தது. பிறகு 1864இல் பிரான்ஸ் நாட்டோடு ஓர் ஒப்பந்தம் வந்தது. அதன்படி பிரான்ஸ் நாட்டு யூதர் இங்கே எங்கும் குடியேறலாம். ஆனால் இங்கேயே பிறந்த யூதருக்கு அந்த உரிமை இல்லை! "இது என்ன நியாயம்?" என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

1866இல் மக்கள் வாக்களித்தார்கள். (அப்போது ஆண்களுக்கு மட்டும்தான் வாக்குரிமை.) ஒன்பது கேள்விகளில் ஒன்று மட்டுமே வென்றது. யூதர்கள் எங்கும் குடியேறலாம். சட்டத்தின் முன் அவர்களும் சமம். ஆனால் எல்லாச் சமயத்தவருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுக்கும் கேள்வி தோற்றுப்போனது.

1874இல் அரசியலமைப்பை முழுவதும் திருத்தினார்கள். நம்பிக்கைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் மீற முடியாதவை என்று அதில் எழுதினார்கள். இந்த முறை 'கிறிஸ்தவர்' என்ற எல்லை இல்லை.

இன்று

1999ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் இது 15ஆவது உறுப்புரை. நீங்கள் விரும்பிய சமயத்தைப் பின்பற்றலாம். ஒன்றையும் பின்பற்றாமலும் இருக்கலாம். ஒருவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 16 வயது வரை பெற்றோர் உங்கள் சமயக் கல்வியைத் தீர்மானிப்பார்கள். பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.

1848இன் வாக்கியம் மாறாமல் இருந்திருந்தால், 1980களில் இங்கு வந்த சைவத் தமிழருக்கு அது ஒரு உறுதியும் கொடுத்திருக்காது.

ஆனால் விவாதம் முடியவில்லை. 2009 நவம்பர் 29 அன்று, வாக்களித்தவர்களில் 57.5 வீதத்தினர் புதிய மினாராக்கள் கட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்தத் தடையும் இப்போது அரசியலமைப்பில் இருக்கிறது. வின்டர்தூர் மினாரா முன்பே கட்டியதால் அப்படியே நிற்கிறது.

சொல் அறிவோம்

அரசியலமைப்பு – ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டம்
உறுப்புரை – சட்டத்தின் ஒரு பகுதி
மனச்சாட்சி – சரி, பிழை சொல்லும் உள்மனம்

பயிற்சி

1. 1848இல் வழிபாட்டுச் சுதந்திரம் யாருக்குக் கிடைத்தது?
2. எண்டிங்கன் வீடுகளுக்கு ஏன் இரண்டு வாசல்கள் இருந்தன?
3. 1866இல் வென்றது எது? தோற்றது எது?
4. சிலருடைய உரிமையைப் பலருடைய வாக்கால் முடிவு செய்யலாமா? வகுப்பில் இரண்டு குழுக்களாகப் பிரிந்து கதையுங்கள்.
5. உங்கள் அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேளுங்கள்: "நீங்கள் சுவிசுக்கு வந்த புதுசில எங்கே கும்பிட்டீங்கள்?" அவர்கள் சொன்னதை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.