இரண்டு பூனைக்குட்டிகள்: சேர்த்து வளர்ப்போர் கவனத்திற்கு

பூனை நம்மவர்க்குப் புதிய பிராணியன்று. அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் அடுக்கிய கடையில் ஒரு பூனை நடமாடினால்தான் எலி அடங்கும் என்று நம் முன்னோர் அதற்கு ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடைப் பூனை பின்கட்டு வழியாக வெளியே போகும், வேண்டும்போது திரும்பி வரும். அதற்குத் துணை இருக்கிறதா இல்லையா என்ற கவலை முதலாளிக்கு வந்ததில்லை.

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியில் கதவை அடைத்து வளர்க்கும் பூனையின் நிலை அப்படிப்பட்டதன்று. காலையில் கடைக்குப் போகிறவர் இரவில் திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளிக்கும் வேலைக்கும் போய்விடுகிறார்கள். ஒற்றைக் குட்டி பகல் முழுவதும் தூங்கிவிட்டு, நாம் உறங்கப் போகும் நேரத்தில் விளையாட்டுக்கு ஆள் தேடுகிறது. நம் காலையும் கையையும் கடிக்கிறது. உடன்பிறந்த குட்டியோடு வளர்ந்தால், பலமாகக் கடித்தவுடன் அது அலறி விலகிவிடும். எவ்வளவு கடிக்கலாம் என்பதை அப்படித்தான் குட்டி கற்றுக்கொள்கிறது. மனிதர் கையோடு மட்டும் விளையாடும் குட்டிக்கு அந்தப் பாடம் எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே இரண்டாக எடுத்து வளர்ப்பது நல்லது என்ற யோசனையில் நியாயம் உண்டு.

ஆனால் எந்த இரண்டு என்பதில்தான் நாம் மிகவும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1-ல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்து அத்தடை நீங்கியது. இவ்விதிகளின்படி கழக வீடு ஒன்றில் அதிகபட்சம் இரண்டு பூனைகளே வளர்க்கலாம். இரண்டும் ஒன்றையொன்று சகியாதவையாக அமைந்துவிட்டால், மூன்றாவதைக் கொண்டுவந்து சரிக்கட்ட வழியில்லை. மூன்றறை வீட்டில் ஒன்றை ஓர் அறையிலும் மற்றதை வேறோர் அறையிலும் பூட்டி, பதினைந்து ஆண்டுகள் காலந்தள்ள யாரால் முடியும்? முடிவில் ஒன்று வேறிடம் தேடவேண்டி வரும், அல்லது தெருவில் விடப்படும். வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்குத் தெரு பிழைக்கும் இடமன்று.

கூட்டு வியாபாரத்தில் இருவரும் தனித்தனியே கெட்டிக்காரர்களாக இருந்தால் போதாது, ஒருவரோடொருவர் ஒத்துப்போகிறவர்களா என்பதைப் பார்த்தே கையெழுத்துப் போடுகிறோம். குட்டி எடுப்பதிலும் நிறத்தையும் அழகையும் பார்த்து ஒன்றை இங்கும் ஒன்றை அங்குமாக வாங்குவது சரியன்று. ஒரே ஈற்றில் பிறந்து, இதற்குள் பழகிவிட்ட இரண்டை ஒருசேர எடுப்பதே மேலானது.

பிறந்து இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை குட்டியின் குணம் உருவாகிறது. அக்காலத்தில் தாயோடும், உடன்பிறந்தவற்றோடும், அன்பான மனிதர் கையோடும் பழகியது பிற்காலத்தில் நிதானமாக இருக்கும். எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்கலாகாது. பன்னிரண்டு வாரம் வரை பொறுத்தால் இன்னும் நலம். எட்டு வாரக் குட்டி முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடை இருக்கவேண்டும். இதற்கு மிகக் குறைவாயின் அவசரப்பட வேண்டாம்.

பார்க்கப் போனால் போன உடனே தூக்காமல் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருங்கள். இயன்றால் வேறொரு நாளும் போங்கள். எந்த இரண்டு ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்குகின்றன, எது எதை நக்கிச் சுத்தம் செய்கிறது என்று கவனியுங்கள். விளையாட்டையும் பாருங்கள். ஒன்று துரத்த மற்றது ஓடி, பிறகு அது துரத்த இது ஓடி, மாறி மாறி நடந்தால் நல்ல ஜோடி. ஒன்று எப்போதும் அமுக்க, மற்றது காதை மடக்கிக்கொண்டு மூலையில் சீறினால் அவை உடன்பிறந்தவையாயினும் ஜோடி அல்ல. இரண்டும் அஞ்சி ஒளியும் குட்டிகளாக எடுப்பதும் உசிதமன்று. அவை ஒன்றையொன்று தஞ்சம் புகுந்து கட்டிலுக்கடியிலேயே கிடந்துவிடும். இரண்டில் ஒன்றாவது நீட்டிய விரலை முகர்ந்து பார்க்கத் தானாக வருவதாக இருக்கட்டும். அதைப் பார்த்து மற்றதும் வரும்.

கடுவனா பெட்டையா என்று பலர் கேட்கிறார்கள். கருத்தடை செய்துவிட்டால் அதில் பெரிய வித்தியாசம் இல்லை. சுபாவமே முக்கியம். ஆனால் கடுவனும் பெட்டையும் உடன்பிறந்தவை, ஒன்றும் ஆகாது என்று எண்ணி இருந்துவிடக் கூடாது. பூனைகள் அந்த உறவு பார்ப்பதில்லை. நான்கு மாதத்திலேயே பெட்டை சினைப்படக்கூடும். ஆகையால் கருத்தடைக்கான நாளை முன்கூட்டியே மிருக வைத்தியரிடம் குறித்துக்கொள்ளுங்கள்.

உடல்நலம் பார்ப்பதில் சரக்குப் பார்க்கும் நம் கண் பயன்படும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, காதுக்குள் கரிய அழுக்கு, வாலடியில் கழிச்சல், பானைபோல் உப்பிய வயிறு ஆகியவை இருக்கலாகாது. உடலில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் படை நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும். வால் வளைந்தோ குட்டையாகவோ இருந்தால் அடிபட்டது என்று தள்ளிவிட வேண்டாம். இந்த வட்டாரத்துப் பூனைகள் பலவற்றுக்குப் பிறவியிலேயே அப்படி. ஒரே கூடையில் வருவதால் ஒன்றன் நோய் மற்றதற்கும் வரும் என்பதை மறவாதீர்கள். தடுப்பூசி, மைக்ரோசிப், கருத்தடை எல்லாச் செலவும் இரட்டிப்பு. இதைக் கணக்கில் எழுதிப் பார்த்து, கட்டாது என்றால் இப்போது எடுக்காமலிருப்பதே முறை.

குட்டிக்கு விலை கொடுக்கலாமா? பூனையின் விலையைத் தடுக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் விற்பதை அனுமதித்தே இருக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று, மக்கள் பூனையை ஒருவருக்கொருவர் விலையின்றிக் கொடுத்துப் பழகவேண்டும் என்பதற்காகவே அது வந்தது என்பது. சிங்கப்பூரில் தெருக்குட்டிகளை எடுத்துப் பராமரித்து, நல்ல வீடு தேடித் தருபவர்கள் பலர் இருக்க, ஆயிரக்கணக்கில் கொடுத்து ஜாதிப் பூனை வாங்க என்ன அவசியம் என்பது நமது எண்ணம். ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை ஒருசேரக் கொடுக்கவே அவர்களில் பலர் விரும்புகிறார்கள். அவர்கள் கேட்கும் தடுப்பூசிச் செலவு விலையாகாது.

தொழுகைக்கு இடையூறாகுமோ என்று பெரியவர்கள் தயங்குவதுண்டு. அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, அது வசதியாகக் குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் அதன் சிறுநீரும் மலமும் நஜீஸ்தான். எனவே மணல் தட்டுகளைத் தொழும் இடத்துக்கு விலக்கி வையுங்கள். இரண்டு பூனைக்கு மூன்று தட்டுகள் வைப்பது முறை. சிறிய வீட்டில் இரண்டாவது தனித்தனி இடத்தில் இருக்கட்டும். ஒன்று வழிமறித்தால் மற்றது வேறிடம் போகும். உணவுக் கிண்ணத்தையும் தள்ளித் தள்ளி வையுங்கள். பால்சோறு போதும் என்று எண்ண வேண்டாம். பூனை மாமிசப் பிராணி. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பசும்பால் செரிப்பதில்லை.

1956-ல் குவீன்ஸ்டவுனில் எழுந்த ஃபோர்ஃபர் ஹவுஸ் 14 மாடி என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. இன்று டாசனில் 47 மாடிக் கட்டடம் நிற்கிறது. இரண்டு குட்டிகள் ஒன்றையொன்று துரத்தும் வேகத்தில் திறந்த ஜன்னலைக் கவனிக்கமாட்டா. ஒற்றைக் குட்டிக்கு இருக்கும் அபாயத்தைவிட இது அதிகம். குட்டி வருவதற்கு முன்பே ஜன்னல்களிலும் வாசல் கிராதியிலும் வலை அடித்து முடித்துவிடுங்கள்.

வெவ்வேறு இடத்துக் குட்டிகளைத்தான் எடுக்க நேருமானால், வயது சில வாரங்களுக்குமேல் வேறுபடாதிருக்கட்டும். வந்தவுடன் எதிரெதிரே விடாமல் ஒன்றிரண்டு வாரம் தனித்தனி அறையில் வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் அறையில் போடுங்கள். கதவின் இருபுறமும் உணவு வையுங்கள். வாசனை பழகியபின் முகம் பார்க்கட்டும்.

உடன்பிறந்தவற்றுக்கு இத்தனை வேலை இல்லை. ஒரே கூடையில் கொண்டுவந்து, முதல் சில நாட்கள் ஓர் அறையில் மட்டும் விட்டு, தீனியும் மணலும் எங்கே என்று பழகியபின் வீட்டைத் திறந்துவிடலாம். உரிமம் பூனைக்கொன்றாக எடுக்கவேண்டும். அதற்குமுன் இரண்டுக்கும் மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவர் இணையத்தில் இலவசமாக நடத்தப்படும் வளர்ப்புப் பாடத்தையும் முடிக்கவேண்டும். கடையில் நேரமில்லாதவர், வீட்டிலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து அதை ஓர் இரவில் முடித்துவிடலாம்.