அன்பும் ஆக்கினையும்

கிறிஸ்து மார்க்கத்தின் போதனைகளுள் இரண்டு, அருகருகே வைத்து நோக்குவார் உள்ளத்தை அலைக்கழிக்கும் தன்மையன. கடவுள் அன்பே உருவானவர் என்பது ஒன்று. மனந்திரும்பாதார்க்கு நித்திய ஆக்கினை உண்டு என்பது மற்றொன்று. முன்னதை ஞாயிறு பாடசாலையில் மழலை மாறாத நாளிலேயே கற்றோம். பின்னதையும் ஏறக்குறைய அக்காலத்திலேயே கேட்டோம். அந்நாளில் இரண்டும் தம்முள் முரணாதனவாகவே தோன்றின. தந்தை தழுவவும் செய்வார், அடிக்கவும் செய்வார் என்று அமைந்திருந்தோம். ஆனால், அடிக்கும் தந்தையின் கை சிறிது நேரத்தில் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடிப்பவனைத் தந்தையென்று எவரும் அழையார். இவ்வேறுபாடு விளங்கும் பருவம் வந்தபின் வினா எழாதிருத்தல் இயலாது. எழுந்த வினாவை அடக்கி வைத்தல் பக்தியாகாது. பணிவோடு ஆராய்தலே தக்கது.

வினாவைச் சுருங்கக் கூறுவாம். கடவுள் எல்லாரையும் நேசிக்கிறார். எல்லாரும் இரட்சிப்படைதலே அவர் சித்தம் என்பது பவுல் அப்போஸ்தலர் கூற்று. அவர் சர்வ வல்லவர். எனினும், சிலர் என்றென்றைக்கும் கெட்டுப்போவர். இம்மூன்றும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம்? முதலாவதை விட்டால் கடவுள் அன்பராகார். இரண்டாவதை விட்டால் கடவுளே ஆகார். மூன்றாவதை விட்டால் ஆண்டவர் திருவாயாற் கூறிய எச்சரிக்கைகள் வெறும் அச்சுறுத்தலாய்ப் போம்.

இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவரிடையே உழைத்த பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ஜப்பான் தேசம் சென்றார். அங்கே விசுவாசத்தைத் தழுவியவர்கள், இறந்துபோன தம் பெற்றோரையும் முன்னோரையும் குறித்து வினவினர். சுவிசேஷம் செவிப்படாமலே மாண்ட அவர்கள் நரகினின்று மீள வழியுண்டோ? தானத்தாலோ செபத்தாலோ அவர்களை விடுவித்தல் கூடுமோ? கூடாது என்றே சவேரியார் விடையிறுத்தார். கேட்டவர் அழுதனர். 1552-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து விடுத்த கடிதத்தில் இதனை எழுதிய சவேரியார், தம் அன்புக்குரியோர் தீர்வில்லாத ஒன்றிற்காக அழுதலைக் கண்டு தமக்கும் துயருண்டானதை மறைத்தாரல்லர். சொன்னவர் கல்நெஞ்சர் அல்லர். கேட்டவர் அவிசுவாசிகளும் அல்லர். இருதிறத்தாரும் கலங்கினர். அக்கலக்கம் பிழையோ? அன்றிக் கடவுளே அவர்தம் உள்ளத்தில் வைத்த அன்பின் குரலோ?

நம் போன்ற கல்லூரிகளில் பயில்வார்க்கு இது அயல்நாட்டுச் செய்தியும் அன்று. நாம் சைவரோடும் வைணவரோடும் இஸ்லாமியரோடும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்து படிக்கின்றோம். விடுதியில் நாம் காய்ச்சலாய்க் கிடந்த இரவில், நெற்றியில் ஈரத்துணி மாற்றி விழித்திருந்த நண்பன் விடியலில் நீறணிந்து தேவாரம் ஓதச் செல்கின்றான். அவனை என்றும் அணையாத தீக்குரியவன் என்று எண்ணிக்கொண்டே அவன் கையால் கஞ்சி வாங்கிக் குடித்தல் நம்மால் ஆகுமோ? ஆகாதெனின், நாம் நம்புவதாகச் சொல்வதை உண்மையில் நம்புகின்றோமா?

திருச்சபையின் பேரறிஞர் இவ்வினாவை அறியாதவர் அல்லர். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் விளங்கிய ஒரிகென், கடவுளின் தீ சுட்டு அழிப்பதன்று, சுட்டுத் தூய்மையாக்குவது எனக் கொண்டு, முடிவில் எல்லா ஆன்மாக்களும் கடவுளிடம் மீளும் எனக் கருதினார். அடுத்த நூற்றாண்டில் நிசா நகரத்து அத்தியட்சர் கிரெகோரியும் அக்கருத்தினராயிருந்தார். ஆறாம் நூற்றாண்டில், 553-இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தோடு சேர்த்துக் கூறப்படும் கண்டனங்கள் ஒரிகென் கொள்கையைத் தள்ளின. கிரெகோரியோ இன்றளவும் புனிதராகவே போற்றப்படுகிறார். அகஸ்தீனார் தம் 'கடவுளின் நகரம்' என்னும் பெருநூலின் 21-ஆம் புத்தகத்தில் மாறான வழக்கை நிறுவினார். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் இறுதியில் ஜீவனுக்கும் ஆக்கினைக்கும் 'நித்திய' என்னும் ஒரே அடைமொழியே வந்துள்ளது. ஆக்கினைக்கு முடிவுண்டெனின் ஜீவனுக்கும் முடிவுண்டாதல் வேண்டும் என்பது அவர் வாதம். மேல்நாட்டுத் திருச்சபை அவர் வழியே சென்றது. தீயோர் ஆன்மா இறுதியில் இல்லாமற் போம் என்று கூறியவரும் உளர். நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அர்னோபியர் அவருள் ஒருவர்.

இனிச் சொற்களை நோக்குவாம். 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, எபிரேயத்தில் 'ஷியோல்' என்றும் கிரேக்கத்தில் 'ஹாதேஸ்' என்றும் 'கெஹென்னா' என்றும் வேறுவேறாக நிற்பவற்றைப் பல இடங்களில் 'ஹெல்' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டது. நம் தமிழ் வேதாகமம் இவ்விடத்து நுட்பமுடையது. இறந்தார் சேரும் இடத்தைப் 'பாதாளம்' என்றும், கெஹென்னாவை 'நரகம்' என்றும் அது பிரித்துக் காட்டுகின்றது. கெஹென்னா என்பது எருசலேமின் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். ஆகாஸ், மனாசே என்னும் அரசர் அங்கே தம் புதல்வரைத் தீயிலிட்டனர். யோசியா அரசன் அவ்விடத்தைத் தீட்டாக்கி அவ்வழக்கத்தை ஒழித்தான். எரேமியா தீர்க்கதரிசி வாயிலாக ஆண்டவர் அக்கொடுமையைக் கண்டித்தபோது, அப்படிப்பட்டதைத் தாம் கட்டளையிடவும் இல்லை, அது தம் மனத்தில் தோன்றவும் இல்லை என்றார். ஈது ஊன்றி நோக்கத்தக்கது. நரகத்திற்குப் பெயர் தந்த நிலம், தந்தையர் தம் மக்களை எரித்த நிலம். அதனைக் கண்டு அருவருத்த கடவுள், தம் மக்களை எரித்து அதில் நிறைவு காண்பவராய் இருத்தல் கூடுமோ? நரகம் எதுவாயினும், அது மனிதன் மூட்டிய தீயேயன்றித் தந்தை விரும்பி மூட்டிய தீயன்று என்பது இதனால் பெறப்படும்.

எனினும், சொல்லாராய்ச்சி ஒன்றினாலேயே நரகத்தை இல்லையாக்கிவிடலாம் என்பது எம் கருத்தன்று. அகஸ்தீனார் வாதம் எளிதிற் சாயாது. இவ்விடத்து, கல்லூரி மாணாக்கராகிய நாம் அறியத்தக்க வரலாறு ஒன்றுண்டு. இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் இறையியற் பேராசிரியராயிருந்த பிரடெரிக் டெனிசன் மாரிஸ் என்பார் 1853-இல் வெளியிட்ட கட்டுரை நூலில், 'நித்தியம்' என்பது முடிவற்ற கால நீளத்தைக் குறிப்பதன்று என்று எழுதினார். நித்திய ஜீவன் என்பது கடவுளை அறிதலே என்று யோவான் 17-ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஆகவே நித்திய மரணம் என்பது கடவுளை இழந்து நிற்றலாம் என்பது அவர் கொள்கை. எல்லாரும் முடிவில் மீட்கப்படுவர் என்று அவர் கூறவில்லை. கடவுளின் அன்புக்கு எல்லை குறிக்க மட்டும் மறுத்தார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே கல்லூரிச் சபையார் அவரைப் பதவியினின்று நீக்கினர். அவர் தந்தை திரித்துவத்தை ஏலாத யூனிடேரியன் சபைப் போதகர். தாயும் மூத்த சகோதரிகளும் அச்சபையை விட்டுக் கால்வினியக் கொள்கையைத் தழுவினர். மீட்கப்பட்டவர் யார் என்னும் வினாவால் ஒரு வீடு பிளவுபட்டதைச் சிறுபருவத்திலேயே கண்டவர் மாரிஸ். பதவி நீங்கிய மறு ஆண்டே தொழிலாளர்க்கென ஒரு கல்லூரியை நிறுவினார். 1866-இல் கேம்பிரிட்ஜ் அவரைப் பேராசிரியராக ஏற்றுக்கொண்டது. இடையே 1864-இல் ஏறக்குறைய 11,000 குருமார் முடிவில்லா ஆக்கினையை வலியுறுத்திக் கையொப்பமிட்டனர். ஆயினும் வினா ஓய்ந்திலது. கையொப்பங்களால் ஓயும் வினாவும் அன்று அது.

இத்துணையும் நோக்கியபின் எமக்குத் தோன்றுவதைக் கூறுவாம். ஆண்டவர் நரகத்தைப் பற்றிப் பேசிய இடங்களில் யாரிடம் பேசினார் என்பதை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை. சகோதரனைக் கோபித்து இழித்துரைப்பவனுக்கு எரிநரகம் என்றது, அவர் தம் சீஷர்கள் கேட்க மலைமேல் உரைத்தது. நரக ஆக்கினைக்குத் தப்புவது எங்ஙனம் என்று கடிந்தது வேதபாரகரையும் பரிசேயரையும். பாதாளத்தில் வேதனைப்பட்ட ஐசுவரியவான் ஆபிரகாமைத் தகப்பனே என்று அழைக்கும் உரிமையுடையவன். அவன் குற்றம் வாசற்படியில் கிடந்த லாசருவைக் காணாதது. மத்தேயு 25-இல் இடப்புறம் நின்றோர், 'ஆண்டவரே' என்று அழைப்பவரே; பசித்தவனுக்கு உணவு கொடாமையே அவர்மேல் வந்த வழக்கு. ஒருவன் வந்து, இரட்சிக்கப்படுவோர் சிலர்தாமோ என்று கேட்டபோது ஆண்டவர் தொகை கூறவில்லை. இடுக்கமான வாசல்வழியாய் உட்பிரவேசிக்கப் பிரயாசப்படுங்கள் என்னும் கருத்துப்பட விடை பகர்ந்தார். அவன் வினவியது பிறரைப் பற்றி. விடை வந்ததோ அவனைப் பற்றி.

ஆகவே, நித்திய ஆக்கினை என்னும் உபதேசம் அயலான்மேல் எழுதிய தீர்ப்போலை அன்று; நம் கதவைத் தட்டும் எச்சரிக்கை. அதனைப் பிறர்மேல் திருப்பும்போதே அது அன்போடு முரணுகின்றது. நம்மேல் ஏற்கும்போது அன்பின் குரலாகவே ஒலிக்கின்றது. கிணற்றங்கரையில் ஓடும் குழந்தையைத் தாய் அதட்டுவது அன்பினாலன்றோ? உரோமைத் திருச்சபை பலரைப் புனிதர் என்று அறுதியிட்டுக் கூறியிருப்பினும், இன்னார் நரகத்தில் உளர் என்று ஒருவரையேனும் பெயர் சுட்டிக் கூறியதில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

"அங்ஙனமாயின் எவரும் கெட்டுப்போதல் கூடாதோ?" எனின், கூடும் என்பதே எம் விடை. அன்பு வலிந்து புகுவதன்று. கெட்ட குமாரன் உவமையில் இளையவன் வீடு வந்து சேர்ந்தான். வயலினின்று வந்த மூத்தவனோ உள்ளே ஆடல்பாடல் கேட்டும் சினந்து புறத்தே நின்றான். அவனை எவரும் வெளியே தள்ளவில்லை. கதவு தாழிடப்படவும் இல்லை. தம்பி உள்ளிருக்கும் வீட்டில் தான் புகுவதில்லை என்பதே அவன் நரகம். தந்தை விருந்தை விட்டு வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தார். அவன் உட்புகுந்தானா என்பதை ஆண்டவர் கூறாமலே உவமையை முடித்தார். கேட்போரே முடிக்க வேண்டிய கதையாதலின் அவ்வாறு விடுத்தார் போலும். அவன் என்றென்றும் புறத்தே நிற்கத் துணியின், தந்தையின் அன்பு குறைந்தது என்பார் யார்? அவன் நிற்குமிடத்திலும் அவ்வன்பு இருந்துகொண்டே இருக்கும். அதனை ஏலாமையே அவனைச் சுடும்.

"அச்சம் நீங்கின் ஒழுக்கம் நீங்காதோ?" என்பாரும் உளர். அச்சம் நீங்கவில்லை, இடம் மாறியதே. அண்டை வீட்டான் என்னாவான் என்னும் கவலை ஒழிந்து, வாசற்படியில் கிடப்பவனைக் காணாமற் போகின்றோமோ என்னும் அச்சம் வருகின்றது. இவ்வச்சம் முன்னதினும் கடியது, பயனும் உடையது.

சவேரியார் முன் அழுத ஜப்பானியர்க்கு இன்று நாம் விடை கூற நேரின் என் சொல்வாம்? நும் முன்னோர் நும்மினும் மிகுதியாக அவர்களை நேசிப்பவரின் கையில் உளர் என்போம். அதற்குமேல் அறிந்தாற்போல் பேசோம். நம் நண்பனைக் குறித்தும் அவ்வளவே. எல்லாரும் மீட்கப்படுவர் என்று உறுதி கூற நமக்கு உரிமையில்லை. எல்லார்க்காகவும் நம்பிக்கையோடு செபிக்க உரிமை மட்டுமன்று, கடமையும் உண்டு. கல்வாரியில் தம்மை ஆணியறைந்தார்க்காகவே மன்னிப்பு வேண்டிய அன்பரைப் பின்பற்றுவார் அதனினும் குறுகிய செபத்தைச் செய்தல் தகுமோ? விருந்து நடக்கும் வீட்டின் வாசலில் நின்று உள்ளே வருவார் யாவர் என்று எண்ணிக்கொண்டிராமல், நாம் முதற்கண் உட்புகுவோமாக.